காயப்பட்டவர்கள் ஏன் தண்ணீர் கேட்டார்கள்?

இறுதி யுத்தத்தில் உறவுகளை இழந்தவர்களிடம் பேசும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். தண்ணி. ஷெல் பட்டு விழுந்த மகன் தண்ணி கேட்டான். பங்கருக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்த கணவர் தண்ணி கேட்டார். சிலர் கொடுத்திருக்கிறார்கள். சிலர், காயப்பட்ட ஆளுக்குத் தண்ணி குடுக்கக்கூடாது என்று பக்கத்தில் நின்றவர்கள் தடுத்ததால் கொடுக்கவில்லை. இன்னும் சிலரிடம் கொடுப்பதற்குத் தண்ணீரே இருக்கவில்லை.

"கடைசியாக் கேட்டது தண்ணி. அதைக்கூட நான் குடுக்கேல்ல பிள்ளை" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். வேறொரு ஊரில், தண்ணீர் கொடுத்த ஒரு அக்கா நேர்மாறாகக் கேட்டார்: "நான் குடுத்தபடியாத்தானோ அவர் செத்தவர்?" இரண்டு பேரும் 2009இலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறார்கள். இருவரிடமும் அப்போது எனக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

ஆனால், இதற்குப் பதில் இருக்கிறது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் 'ஓமோன்கள்' என்ற தலைப்பின் கீழ் நாங்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பகுதியில் அந்தப் பதில் இருக்கிறது. நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். உயிரியலுடனான என் உறவு சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்தது. எனவே, இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வைத்தியர்களிடமும் அவர்கள் படிக்கச் சொன்ன புத்தகங்களிடமும் போனேன். விளங்கியதை எழுதுகிறேன்.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு ஆளின் உடலில் ஏறத்தாழ 36 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்கு உள்ளே. மிச்சம் கலங்களுக்கு வெளியே. இரத்தத்தின் நீர்ப்பகுதியும் அதற்குள்தான் அடங்கும். வெளியே இருக்கிற இந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். கண்ணீரும் வியர்வையும் உப்புக் கரிப்பது இதனால்தான். உப்பு, அதாவது சோடியம், எங்கே நிற்கிறதோ அங்கேதான் தண்ணீரும் நிற்கும். உப்பைப் பிடித்து வைக்காமல் உடலால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

உடல் தன்னைத்தானே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்று, இரத்தத்தில் உப்புக் கூடிவிட்டதா? மற்றது, குழாய்களில் ஓடுவதற்குப் போதிய இரத்தம் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். கேட்கும் உறுப்புகளும் வேறு. பதில் சொல்லும் ஓமோன்களும் பெருமளவுக்கு வேறு.

முதலாவது கேள்வியைக் கேட்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பரிவகக்கீழ் என்ற சிறிய பகுதி. வெயிலில் வேலை செய்து வியர்த்தால் உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது. இரத்தம் கொஞ்சம் தடிக்கிறது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவு மாற்றத்தையே அங்குள்ள கலங்கள் கண்டுபிடித்துவிடும். உடனே இரண்டு வேலைகள் நடக்கும். தாகம் எடுக்கும். அதோடு வாசோபிரசின் என்ற ஓமோன் கபச்சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலக்கும்.

வாசோபிரசின் போய்ச் சேரும் இடம் சிறுநீரகம். எங்கள் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. ஆனால், அதில் ஒன்றோ இரண்டோ லீற்றர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மிச்சம் முழுவதும் திரும்ப இரத்தத்துக்கே போகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதுதான் வாசோபிரசின். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் தண்ணீர் போவதற்கென்றே மிக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. வாசோபிரசின் வந்தால் அந்த வாசல்கள் திறக்கும், தண்ணீர் உள்ளே போகும், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகும். போதியளவு தண்ணீர் குடித்த பிறகு அந்த ஓமோன் சில நிமிடங்களிலேயே குறைந்துவிடும், சிறுநீர் வெளிறும். இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீற்றர் ஆக்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2003இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

மெனிக் பாம் முகாமில் இருந்த பெண்கள் சிலர் என்னிடம் சொன்ன விடயம் இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. இருட்டியபின் மலசலகூடத்துக்குப் போகப் பயம். எனவே, பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தறப்பாளுக்குக் கீழே, அந்த வெக்கையில். "மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போகும், எரியும்" என்றார்கள். அது வாசோபிரசின் ஒவ்வொரு துளியையும் திருப்பி எடுத்துக்கொண்டிருந்ததன் அடையாளம். அப்படி அடக்கியடக்கி வைப்பதால் கிருமித் தொற்றும் கல்லும் வரலாம். முகாமுக்கு வெளியே வந்து இத்தனை வருடமாகியும் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கம் போகவில்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

இனி இரண்டாவது கேள்வி. போதிய இரத்தம் இருக்கிறதா?

ஒருவர் காயப்பட்டு இரத்தம் போகும்போது தண்ணீரும் உப்பும் ஒரே விகிதத்தில் போகின்றன. எனவே, மிச்சமிருக்கும் இரத்தத்தில் உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. முதலாவது கேள்விக்கு 'எல்லாம் சரி' என்றே பதில் வரும். ஆனால், வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பது சுமார் ஐந்து லீற்றர் இரத்தம்தான். அதில் ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் போய்விட்டால் அழுத்தம் விழத் தொடங்கும். இதயத்திலும் கழுத்திலுள்ள பெரிய நாடிகளிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அவை மூளைக்கு அறிவிக்கும். சிறுநீரகமும் தன் பங்குக்கு உணர்ந்துகொள்ளும்.

சிறுநீரகம் அப்போது ரெனின் என்ற பொருளை இரத்தத்துக்குள் விடுகிறது. 1898இலேயே சுவீடனில் இரண்டு ஆய்வாளர்கள் முயலின் சிறுநீரகத்திலிருந்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஈரல் உருவாக்கி வைத்திருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டு நுரையீரலைக் கடக்கும்போது இன்னொரு தடவை வெட்டப்படுகிறது. கடைசியில் கிடைப்பதன் பெயர் அஞ்சியோரென்சின் 2. பெயரை நினைவில் வைக்கவேண்டியதில்லை, அது செய்யும் வேலைகளைப் பாருங்கள். தோல், கை, கால், குடல் ஆகியவற்றுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இருக்கிற இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் போகட்டும் என்று. சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பிக்குப் போய், அல்டொஸ்ரெரோன் என்ற ஓமோனை வெளிவிடச் செய்கிறது. அந்த ஓமோன் சிறுநீரிலும் வியர்வையிலும் உப்பு வீணாகாமல் பிடித்துவைக்கிறது. வாசோபிரசினும் வழமையைவிடப் பல மடங்கு ஊறுகிறது. அஞ்சியோரென்சின் மூளைக்கும் போகிறது. போய், தாகத்தை எழுப்புகிறது.

காயப்பட்டவர்களைப் பற்றிச் சொல்பவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் சொல்வார்கள். முகம் வெளிறிப்போனது. கை கால் குளிர்ந்துபோனது. குளிர்ந்த வியர்வை வந்தது. வாய் உலர்ந்தது. தண்ணி கேட்டார். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு துன்பங்கள் அல்ல. இரத்தம் குறைந்ததை உணர்ந்த உடல், நரம்புகள் வழியாகவும் ஓமோன்கள் வழியாகவும் தன்னைக் காப்பாற்ற எடுத்த ஒரே முயற்சியின் பல முகங்கள். அவர்கள் கேட்டது தொண்டை வரண்டதால் மட்டுமல்ல. உடல் இழந்த இரத்தத்தைத்தான் அந்தத் தாகம் கேட்டது. அதைக் கேட்பதற்கு உடலிடம் இருந்த ஒரே மொழி தாகம்.

அப்படியானால், கேட்ட தண்ணீரைக் கொடுத்திருந்தால்? நான் கேட்ட வைத்தியர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் தந்தார்கள். பெருமளவு இரத்தம் இழந்த ஒருவரை ஒரு கோப்பைத் தண்ணீர் காப்பாற்றியிருக்காது. குடலுக்குப் போகும் இரத்தம் ஏற்கனவே குறைந்துவிட்டதால் குடித்த தண்ணீர் இரத்தத்தில் சேர்வதும் மிக மெதுவாகத்தான். சேர்ந்தாலும், உப்பில்லாத தண்ணீர் இரத்தக் குழாய்க்குள் தங்காது. பெரும்பகுதி கலங்களுக்குள் பரவிப் போய்விடும். தேவைப்பட்டது இரத்தப்பெருக்கை நிறுத்துவதும், நாளத்தில் ஏற்றும் சேலைனும், இரத்தமும், சத்திரசிகிச்சையும். கொடுக்கக்கூடாது என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வயிற்றில் காயப்பட்டவர், மயங்கும் நிலையில் இருப்பவர், மயக்க மருந்து கொடுக்கப்படவிருப்பவர் குடித்தால் சத்தி எடுக்கலாம், அது நுரையீரலுக்குள் போகலாம். அவர்களுக்கு உதட்டை நனைத்துவிடுவதே முதலுதவி. ஆனால், அறிவோடு இருந்த ஒருவர் இரண்டு மிடறு குடித்ததால் இறந்தார் என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். கொடுத்த அக்காவும், கொடுக்காத அம்மாவும் அந்த மரணத்தின் காரணத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் அங்கே இருக்கவில்லை. காரணம் ஷெல். அதற்குப் பிறகு, கிடைத்திருக்கவேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போனது. வன்னிக்கு உணவும் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைப் பொருட்கள், போய்ச்சேராமல் தடுக்கப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியான தன் அறிக்கையிலேயே குறிப்பிட்டிருக்கிறது.

சேலைன் என்றால் என்ன? ஒரு லீற்றர் தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு. அவ்வளவுதான். இரத்தத்துக்கு நிகரான உப்பு அதில் இருப்பதால்தான் அது குழாய்க்குள் கொஞ்ச நேரமாவது நிற்கிறது. மரக்கிளைகளில் சேலைன் பைகள் தொங்கும் 2009ஆம் ஆண்டுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பைகளில் இருந்தது உப்பும் தண்ணீரும்தான்.

சேலைன் முடிந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வி இன்னொரு யுத்தத்திலும் எழுந்தது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்தின் எல்லையில் தங்கியிருந்தபோது வாந்திபேதி பரவியது. போங்கான் என்ற ஊரில் பணியாற்றிய வைத்தியர் திலீப் மஹலனாபிஸிடம் சேலைன் தீர்ந்துவிட்டது. அவர் உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் தண்ணீரில் கலந்து பெரிய பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை எடுத்துப் பருக்கினார்கள். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் குறைவாக இறங்கியது. குளுக்கோஸ் எதற்கு? குடலின் சுவரில், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. வயிற்றோட்டத்திலும் அந்த வழி அடைபடுவதில்லை. உப்பு உள்ளே போனால் தண்ணீரும் பின்னால் போகும். இன்று 'ஜீவனி' என்று பாமசியில் வாங்குவது அதைத்தான்.

பின்னாளில் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைப் போட்டும் இந்தக் கரைசலைத் தயாரித்தார்கள். அரிசியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைகிறது. அரிசி, தண்ணீர், உப்பு. முள்ளிவாய்க்காலில் கிடாரத்தில் காய்ச்சி வரிசையில் நின்றவர்களுக்கு வார்த்த கஞ்சியும் இதே மூன்றும்தான். காய்ச்சியவர்கள் சோடியத்தைப் பற்றி யோசித்திருக்கமாட்டார்கள், இருந்ததைப் போட்டார்கள். ஆனாலும் வெயிலிலும் வயிற்றோட்டத்திலும் உப்பை இழந்துகொண்டிருந்த உடல்களுக்கு, அல்டொஸ்ரெரோன் துளித் துளியாகச் சேமித்துக்கொண்டிருந்த அந்த உப்பை, குடல் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்தில் அது கொடுத்தது. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் அந்தக் கஞ்சியில் போதிய சத்து இருக்கவில்லை, அது பஞ்சத்தின் உணவு. ஆனால், 2024 மே மாதம் சம்பூரில் அதே கஞ்சியை நினைவாகக் காய்ச்சியதற்காகப் பெண்களைக் கைதுசெய்தபோது, அந்தப் பானைக்குள் இருந்தது என்ன என்று கைதுசெய்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன்.

ஒரு பக்கம் நந்திக்கடல், மறு பக்கம் பெருங்கடல். நடுவில் தாகம். கடல்நீரை ஏன் குடிக்கமுடியாது என்று பிள்ளைகள் கேட்டார்களாம். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எங்கள் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் ஒரு லீற்றர் சிறுநீரில் 20 கிராம் அளவு உப்பைத்தான் வெளியேற்றும். ஆகவே, ஒரு லீற்றர் கடல்நீரின் உப்பைக் கழிக்க ஒரு லீற்றருக்கு மேல் சிறுநீர் போகவேண்டும். குடித்ததைவிட இழப்பது அதிகம். இதற்கு எந்த ஓமோனாலும் உதவ முடியாது.

ஓமோன்களுக்கு எல்லை உண்டு என்பதை எங்கள் ஊர் நேரில் பார்த்திருக்கிறது. 1987 செப்டெம்பர் 15 அன்று நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாத உண்ணாவிரதத்தைத் தொடங்கி 26ஆம் திகதி உயிரிழந்தார். உணவு இல்லாதபோது கழிக்கவேண்டிய கழிவு குறையும், சிறுநீரும் குறையும். உடற்கொழுப்பு எரியும்போது கொஞ்சம் தண்ணீரும் உண்டாகும். வாசோபிரசின் கடைசி வரை வாசல்களைத் திறந்தே வைத்திருக்கும். ஆனால், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போகும் நீரை அதனால் நிறுத்த முடியாது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், உங்கள் வீட்டுக் குளிசைப் பையைத் திறந்து பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு கிளினிக்கில் தரும் எனலபிரில், நான் மேலே சொன்ன இரண்டாவது வெட்டைத் தடுக்கிறது. லொசார்ட்டன், அஞ்சியோரென்சின் வேலை செய்யும் இடத்தை மறித்து நிற்கிறது. ஸ்பைரனோலக்ரோன், அல்டொஸ்ரெரோனை மறிக்கிறது. 'தண்ணி போற குளிசை' என்று நாங்கள் சொல்லும் புரூசமைட், உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றி, பின்னால் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பஞ்சத்தில் காப்பாற்றிய அதே பொறிமுறை, உப்பு மலிந்த காலத்தில் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் உள்ள சாப்பாட்டில் அது மதியத்தோடே முடிந்துவிடும்.

கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் குளிசைகளை எடுப்பவருக்கு வயிற்றோட்டமோ கடும் சத்தியோ வந்தால், உடல் தன்னைக் காப்பாற்ற இயக்கும் ஓமோன் வழியைக் குளிசை மறித்துக்கொண்டு நிற்கும். சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது, காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் போய், என்ன குளிசை எடுக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். சிறுநீரக நோய் ஏற்கனவே பரவியிருக்கும் வவுனியா போன்ற இடங்களில் இது இன்னும் முக்கியம். பாமசி தூரமென்றால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சீனியும், தலை தட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடக்கூடாது.

2009இல் ஐம்பது வயதாக இருந்தவர்கள் இப்போது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். வயது ஏற ஏறத் தாகத்தை உணரும் திறன் மங்குகிறது. சிறுநீரகமும் வாசோபிரசினின் கட்டளைக்கு முன்னரைப் போலப் பணிவதில்லை. எனவே, உடலில் தண்ணீர் குறைந்தாலும் அவர்கள் கேட்கமாட்டார்கள். களைப்பாக இருக்கிறது என்பார்கள், தலை சுற்றுகிறது என்பார்கள், பேச்சுத் தடுமாறும். சித்திரை, வைகாசி வெக்கையில் தனியாக இருக்கும் அம்மாக்களைப் பார்க்கப் போகிறவர்கள், "தண்ணி குடிச்சீங்களோ" என்று கேட்டு நிறுத்தாமல், காலையில் ஒரு போத்தலை நிரப்பி வைத்து, பின்னேரம் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம். இதயம் பலவீனமானவர்களுக்கும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கும் மட்டும் அளவு வேறு. அதைக் கிளினிக்கில் கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.